கந்தற் கம்பளியும் இருக்கைத் துணியும்

படைவீரர்க்கு உடை தைக்கும் அரசாங்கத் தொழிற்சாலை ஆவடியில் 1961-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அம்பத்தூர்ப் பக்கத்தாருக்கும் தையல் தொழில் புதிதன்று. ஆயினும், தைத்த உடை பழையதானபின் அதன் கதி யாது என்று நம்மில் வினவினோர் சிலரே. கம்பளியைப் பற்றியோ கேட்கவே வேண்டா. வடபுலத்தில் ஊழியஞ் செய்து மீண்டவர்தம் பெட்டிகளில் அஃது அந்துப்பூச்சிக்கு இரையாகிக் கிடக்கின்றது.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சார்ந்த பாட்லி என்னும் ஊரினரான பெஞ்சமின் லா என்பார், கந்தற் கம்பளியைக் கிழித்து நாராக்கி மீண்டும் நூற்று நெய்யும் வழியை 1813-ஆம் ஆண்டிலேயே கண்டார். அத்துணிக்கு 'ஷாடி' என்று பெயர். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, இலாபமே குறியாயிருந்த வணிகர் சிலர் இத்துணியாலான உடைகளைப் படைக்கு விற்றனர். அவை விரைவில் இற்றுப்போயின. அதுமுதல் 'ஷாடி' என்பது மட்டமான பொருளெதற்கும் வசைச்சொல்லாயிற்று. பழி துணியைச் சார்ந்ததன்று, அதனை நல்ல புதுத்துணி போல் விற்றாரையே சார்ந்தது என்பது நமது கருத்து.

நம் நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் ஹரியானாவிலுள்ள பானிப்பட்டு. மேனாட்டார் கழித்த கம்பளியுடைகள், மறுபடி உடுக்கவொண்ணாதபடி வெட்டப்பெற்று, காண்ட்லா துறைமுகத்தின் வழியே அங்குச் செல்கின்றன. பெண்கள் தரையில் அமர்ந்து, நம் அரிவாள்மணையை ஒத்த நிமிர்ந்த கத்தியில், பொத்தானையும் உள்துணியையும் அறுத்து நீக்குகின்றனர். பின்னர் நிறம் நிறமாகப் பிரிப்பர். சிவப்புக் கந்தல் சிவப்பு நூலாகவே வெளிவருமாதலின் சாயமும் சாயநீரும் பெரும்பாலும் மிச்சம். (நொய்யலாறு பட்ட பாட்டை அறிந்த தமிழர்க்கு இது சிறு நன்மையன்று.) பல்லுடைய உருளைகள் கந்தலைக் கிழிக்குங்கால் நார் குறுகிவிடும், ஆகவே நீண்ட வேறு நாரைக் கலந்து தடித்த நூலாக நூற்பர். அங்குப் பறக்கும் தூசு தொழிலாளரின் நெஞ்சில் இறங்குவதை மறைத்துவிட்டுத் தொழிலைப் புகழ நமக்கு மனமில்லை.

அந்நூலிற் பெரும்பகுதி மலிவான போர்வைகளாயிற்று. பாலியெஸ்டர்ப் போர்வைகள் வந்தபின் அவ்விற்பனை தளர்ந்தது. இனி இருக்கைகளுக்கு மேலுறையாக நெய்வதே தக்க வழியென்போம். உடை முழங்கையிலும் தோளிலும் இழுபடும். மேலுறையோ மெத்தையின்மேல் இறுகப் பொருந்தி நிற்பது. உறுதியான பாவில் இக்கம்பளி நூலை ஊடையாக நெருக்கி நெய்தால் நெடுநாள் உழைக்கும். கம்பளிப் பங்கு மிகுந்திருப்பின் எளிதில் தீயும் பற்றாது. வெப்பநாட்டிற்குக் கம்பளியிருக்கையா என்று நகைப்போர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் குளிரூட்டிய அலுவலகங்களில் நடுங்கியிருப்போரைக் கண்டிலர் போலும்!

விலையில் இஃது ரெக்சினுக்கு ஈடாகாமற் போகலாம். அதனை நாம் பொறுப்போம். ஆனால் நாற்காலி வாங்குங்கால் கலாசாலையார் இரண்டு கேட்டல் வேண்டும்: இத்துணியிற் பழைய கம்பளி எத்தனை பங்கு? கந்தல் கிழித்த இடத்தில் தூசு உறிஞ்சும் பொறி உண்டா? முதற் கேள்விக்கு விடை தராதவர் 1861-ஆம் ஆண்டு வணிகரின் இனத்தார். இரண்டாவதற்கு விடை தராதவரிடம், எத்துணை மலிவாயினும், நம் கலாசாலைக்கு ஒரு முழமும் வாங்கலாகாது.