பிள்ளை எடுத்த கைக்குக் கால் கூலி

மாசக் கடைசியில் என் கவுண்டருக்கு ஒரு அக்கா வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறையைக் கழுவுகிறவர். ஒப்பந்த வேலை, தாளில் பகுதிநேரம். பாஸ்புக்கை நீட்டி "ஏறிடுச்சா சார்?" என்பார். மூன்று மாசமாக ஏறவில்லை. "பகுதிநேரம்னா எத்தினி மணிக்குக்கா விடுவாங்க?" என்று கேட்டேன். "புள்ள எப்பப் பொறக்குதோ அப்ப" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு என் ஆயா ஞாபகம் வந்தது.

ஆயா பிள்ளை பார்த்தவள். ஊர்த்தெருவுக்கு மருத்துவர் சாதிப் பெண் ஒருத்தி உண்டு. அவள் சேரிக்குள் கால் வைக்கமாட்டாள். (ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படி கட்டி வைத்திருப்பதுதானே சாதியின் சாமர்த்தியம்.) சேரிக்கு ஆயாதான். அந்தப் பெண் வெளியூர் போயிருந்தால் ராத்திரியில் ஊர்த்தெருவும் ஆயாவைத் தேடி வரும். "அடியே, வலி கண்டுடுச்சி, கெளம்பு." பேரன் எடுத்த கிழவியை மகன் வயசுக்காரன் அப்படித்தான் கூப்பிடுவான். கொல்லைப்பக்கமாக உள்ளே விடுவார்கள். தலை வெளியே வரும்வரைக்கும் தீட்டு கிடையாது. தொப்புள்கொடி அறுத்து, நஞ்சுக்கொடி புதைத்து, ரத்தத் துணி அலசி முடித்ததும் தீட்டு வந்துவிடும். கூலி ரெண்டு படி நெல்லும் ஒரு பழஞ்சேலையும். கூடக் கேட்டால், "நடவுக்குப் போற, களையெடுக்கற, இது என்னா தனி வேலையா?" என்பார்கள்.

தனி வேலையில்லை என்ற அந்தப் பேச்சுதான் இன்றைக்கு அரசாணை பாஷையில் வருகிறது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லதுதான். ஆயா கையிலேயே செத்துப்போன தாய்களை அவளே சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் கூலிக் கணக்கு மாறவில்லை. 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் ஒப்பந்தச் செவிலியருக்கும் பொருந்தும் என்று 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிரசவம் பார்க்கிறவள் தன் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு கேட்டுக் கோர்ட் படி ஏறணும்! ஆஷா பெண்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. அரசாங்கத்துக்கு அவர்கள் இன்னமும் தன்னார்வலர்கள்தான்.

பகுதிநேரம் என்றாலே முதலாளித் தந்திரம் என்று சில தோழர்கள் எகிறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரி டூட்டி பார்த்து முதுகு ஒடிந்தவளும் கைக்குழந்தைக்காரியும் வாரம் மூன்று நாள் வந்தால் போதுமென்று விட்டால், இருபது வருட அனுபவம் வேலையை விட்டு ஓடாமல் நிற்கும். இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் பலர் அப்படித்தான் நிற்கிறார்கள். பகுதிநேரத் தொழிலாளியை முழுநேரத் தொழிலாளியைவிடக் கீழாக நடத்தக்கூடாது என்று அங்கே 2000இல் விதியே வந்தது. பாதி நேரமென்றால் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் அந்த விகிதத்தில். அங்கேயும் ஆள் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை, அது வேறு கதை. இங்கே உழைப்பு முழு நேரம், உரிமை பாதி, கூலி கால். இதில் யார் நிலைத்து நிற்பாள்? வேறு போக்கிடம் உள்ளவள் போய்விடுவாள். போக்கிடம் இல்லாதவள் நிற்பாள். அவள் எந்தத் தெருக்காரி என்று நான் சொல்லணுமா?

மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டாக்டர் நாற்காலியில் தொடங்கி வாளி தூக்குகிறவர்வரை யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், யார் எந்தத் தெரு என்று எழுதுங்கள். இந்தப் பக்கங்களில் போடுவோம்.

அந்த அக்கா போன வாரம் வந்தார். ஒரு மாசத்து சம்பளம்தான் ஏறியிருந்தது. பஞ்சப்படியும் மருத்துவ விடுப்பும் உள்ள நான் பதிவு போட்டுக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மீதி ரெண்டு மாசம்?" என்றார்.

"இன்னும் வரலக்கா."

"சரி சார், மணியாச்சு. அங்க ஒண்ணு வலியில கெடக்குது" என்று கிளம்பிவிட்டார்.