விளையாட்டு என்று விலக்காதீர்!



"கணினியில் கதை விளையாட்டா? பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும்" என்போர் நம்மிடையே பலர். அக்கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். நம் பிள்ளைகளின் எழுத்தாற்றலைக் கெடுப்பது விளையாட்டன்று. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் நம் வழக்கமே.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்காக நாம் வளர்த்த பழக்கமோ நீங்கவில்லை. இன்றும் முப்பது ஏடுகளைத் திருத்தினால் முப்பதிலும் அதே கதிரவன் பொற்கதிர் பரப்புகிறான். அதே பறவைகள் கீச்சிடுகின்றன. பிள்ளையின் சொந்தக் குரலைத்தான் காணோம்.

இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது ஊடாடு கதை. இதில் வாசகரே கதைமாந்தர். "பரணில் தாத்தாவின் பூட்டிய பெட்டி இருக்கிறது. திறக்கிறாயா? பாட்டியிடம் கேட்கிறாயா?" என்று கதை வினவும். வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் கதை தொடரும்.

இதன் தொடக்கமே ஒரு தந்தையின் அன்புதான். அமெரிக்கரான வில் கிரௌதர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தாம் கண்டவற்றை அடிப்படையாகக் கொண்டு, 1976ஆம் ஆண்டளவில், தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக ஒரு குகைக்கதையைக் கணினியில் எழுதினார். அதில் படங்கள் இல்லை, சொற்கள் மட்டுமே. ஓரிரு சொற்களில் கட்டளையைத் தட்டச்சு செய்தால் கதை நகரும். 1977இல் டான் வுட்ஸ் அதனை விரிவாக்கினார். வாசிக்காமல் ஓரடியும் முன்னேற முடியாத இதனை வாசிப்புக்குப் பகை என்பது எவ்வாறு பொருந்தும்?

தமிழாசிரியருக்கு இதில் தனிப் பயனும் உண்டு. "கதவைத் திற" என்று கட்டளையிடும் மாணவன் ஏவல் வினையையும், இரண்டாம் வேற்றுமை உருபையும், வலி மிகுதலையும் ஒருங்கே பயன்படுத்துகிறான். "திறந்தால் என்னாகும்? கேட்டால் என்னாகும்?" என்று சிந்திக்கையில் நிபந்தனை எச்சம் அவனுக்கு வாழ்க்கைப் பொருளாகிறது. பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதால் இத்தெளிவு வருமா?

எப்படித் தொடங்குவது? முதலில் நீங்கள் விளையாடிப் பாருங்கள். கிரௌதரின் குகைக்கதையை இன்றும் இணையத்தில் ஆங்கிலத்தில் விளையாடலாம். அடுத்து, நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தாளுக்கொரு காட்சியாகத் தமிழில் எழுதச் செய்து, தரையில் பரப்பி, நூலால் இணைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே கணினி.

கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட டுவைன் என்னும் இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. காட்சியைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டிய சொற்றொடரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் போதும். அப்பெயரில் அடுத்த காட்சிக்கான கட்டம் தானே தோன்றும். முடிந்த கதை ஒரே கோப்பாக அமையும். இணைய வசதி குறைந்த தோட்டப்புறப் பள்ளியிலும் அதனைத் திறந்து வாசிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒவ்வோர் இடத்திலும் இரு வழிகள் வைத்து ஐந்து முறை பிரித்தால் 32 முடிவுகள் எழுத வேண்டிவரும், பிள்ளை சோர்ந்துவிடுவான். பிரிந்த வழிகளை இடையில் ஒன்றுசேர்க்கக் கற்பியுங்கள். திட்டமிடுதல் என்பதும் அதுவே.

"பிள்ளை தீய வழியைத் தேர்ந்தெடுத்தால் நன்னெறி என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். அவ்வழியின் விளைவையும் அவனே எழுத வேண்டுமே! பொய் சொன்ன பேரனைப் பாட்டி எப்படிப் பார்ப்பார் என்று எண்ணி எழுதும் பிள்ளைக்கு, கட்டுரையின் இறுதியில் ஒட்டவைக்கும் பழமொழியைவிட ஆழமான நன்னெறி கிட்டும்.

பெற்றோர்களே, "எத்தனை மதிப்பெண்?" என்பதை ஒருநாளாவது விடுத்து, "உன் கதையில் நான் எந்த வழியில் போகட்டும்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, மாதிரிக் கட்டுரையை ஒரு தவணையேனும் மூடி வையுங்கள். மனனம் செய்த தமிழ் தேர்வோடு மறையும்; தானே படைத்த தமிழ்தான் பிள்ளையோடு வளரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.