எண்பது டிகிரிக்குப் பயப்படாதீர்கள்

வெப்பநிலை காட்டும் மென்பொருளைக் கணினியில் ஏற்றிய அன்றோடு பலருக்கு நிம்மதி போய்விடுகிறது. நேற்றுவரை அதே பெட்டிதான், அதே வேலைதான். திரையின் மூலையில் எண் ஒன்று தெரிய ஆரம்பித்ததும் வீடே பதறுகிறது. கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் புலனத்தில் படம் பிடித்து அனுப்பினான். கூடவே குரல் பதிவு: "மாமா, கேம் போட்டா எண்பத்திரண்டு காட்டுது. யூடியூப்ல அறுபத்தஞ்சுதான் நார்மல்னு சொல்றாங்க. வெடிச்சிருமா?"

வெடிக்காது. அவன் அனுப்பிய காணொளியில் பேசியவர் கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை போட்டிருந்தார் என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

'சாதாரணம்' என்று இணையத்தில் உலவும் எண்கள் பலவும் குளிர்நாடுகளில், 20 அல்லது 21 டிகிரி அறையில் உட்கார்ந்து அளந்தவை. கணினி சும்மா இருந்தால் 35, படம் பார்த்தால் 45, விளையாட்டு ஓடினால் 65 என்று ஒரு பட்டியல் வரும். அந்த ஊருக்கு அது சரிதான். கோலாலம்பூரின் பிற்பகல் 33 டிகிரி. அதுவும் வெளியே, நிழலில். தாமான் வீட்டு மேல்மாடியில், மேற்குப் பார்த்த அறையில், பகலெல்லாம் வெயில் குடித்த செங்கல் சுவர் இரவு எட்டு மணிவரை அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம், டியூஷன் முடித்து வந்து விளையாட உட்காருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

பிராசசரின் தலைமேல் இருக்கும் உலோகத் தகடுகளும் விசிறியும் குளிரை உண்டாக்குவதில்லை. சிப்பில் எழும் சூட்டை வாங்கி அறைக் காற்றில் கொட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. தண்ணீர் ஓடும் குழாய் வைத்த விலையுயர்ந்த குளிரூட்டியும் இதையேதான் செய்கிறது. ஆகவே சிப்பின் வெப்பம் எப்போதும் அறையின் வெப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். 21 டிகிரி அறையில் 66 காட்டும் கணினி அறையைவிட 45 டிகிரி மேலே இருக்கிறது. அதே கணினியை அதே விளையாட்டோடு கிள்ளானின் 33 டிகிரி அறைக்குக் கொண்டுவந்தால் 78 காட்டும். கூடுதலாக ஓரிரண்டு டிகிரியும் காட்டலாம், ஏனென்றால் சூடு ஏற ஏறச் சிப்புக்குள் கசியும் மின்சாரமும் கூடுகிறது. இதில் பழுது எங்கே இருக்கிறது? பன்னிரண்டு டிகிரி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதற்கான வரி.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்லித்தரும். 33 டிகிரி அறையில் ஒருவருடைய பிராசசர் 30 காட்டினால் அது பொய். காற்றிலும் தண்ணீரிலும் ஆறும் எந்தச் சிப்பும் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது.

பொய் எப்படி வருகிறது என்று கேட்கலாம். பிராசசருக்குள் இருக்கும் உணரி நம் அறையில் தொங்கும் வெப்பமானி போன்றதில்லை. இன்டெல் சிப்புகளில் அது "இப்போது இத்தனை டிகிரி" என்று சொல்வதில்லை. "எல்லையைத் தொட இன்னும் இத்தனை டிகிரி இருக்கிறது" என்றுதான் சொல்லும். மென்பொருள் எல்லையிலிருந்து அதைக் கழித்து நமக்கு ஓர் எண்ணைக் காட்டுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் கணக்கு துல்லியம். தூரம் போகப் போகத் தடுமாற்றம். ஏஎம்டி 2017இல் வெளியிட்ட முதல் ரைசன்களில் வேடிக்கை வேறு மாதிரி. 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே காட்டின. எல்லா ரகத்துக்கும் விசிறி ஒரே கணக்கில் சுழல வேண்டும் என்பதற்காக நிறுவனமே வேண்டுமென்று செய்த ஏற்பாடு அது. விவரம் தெரியாமல் வாங்கியவர்கள் புதுக் குளிரூட்டி தேடி அலைந்தார்கள்.

எனவே எத்தனை டிகிரி என்று கேட்பதைவிட, அறையைவிட எவ்வளவு மேலே, எல்லைக்கு எவ்வளவு கீழே என்று இரண்டு கேள்வியாகக் கேட்டால் விடை கைக்கு அகப்படும். எல்லை எது என்பதில் ரகசியம் இல்லை. அண்மைக் கால இன்டெல் மேசைக் கணினிச் சிப்புகள் பலவற்றுக்கு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, விளையாட்டுக்காரர்கள் விரும்பும் எக்ஸ்3டி ரகங்களுக்கு 89. அந்த எல்லையைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடும். தீப்பிடிப்பது கடந்த நூற்றாண்டுக் கதை.

சரியாகச் சொன்னால், இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை நடந்த கதை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஒரு சோதனையைப் படமாக எடுத்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த குளிரூட்டியைக் கழற்றினார்கள். இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது. ஏஎம்டியின் அத்லான் சில விநாடிகளில் புகைந்து செத்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று இங்கே அரசாங்கம் அனுமதித்திருந்ததும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். சேமநிதிப் பணத்தில் வாங்கிய பெட்டி புகைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் நியாயம் இருந்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளும் மோசம். 2004இல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 கொதித்த கொதியில் சைபர் கஃபே நடத்தியவர்கள் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து மேசைக் காற்றாடியைத் திருப்பிவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் தொடுவோம் என்று சொல்லியிருந்த இன்டெல், அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் இருக்கும் "ரொம்ப நேரம் போடாதே, சூடாயிரும்" என்ற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது நிலைமை தலைகீழ். 2022இல் ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழு வேலை கொடுத்தால் 95 டிகிரியில் போய் நிற்பதே அதன் இயல்பு என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. எல்லைவரை போய் நின்றுகொண்டு, அந்த எல்லைக்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் கறந்துவிடுவது இந்தச் சிப்புகளின் உத்தி. நல்ல குளிரூட்டி போட்டாலும் டிகிரி அவ்வளவாக இறங்காது, வேகம்தான் கொஞ்சம் கூடும். பழைய ஆளுக்கு இது புரிய நேரமாகும். 95ஐப் பார்த்தால் அவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பிடிக்கவில்லையா, பயோஸ் அமைப்பில் 'இகோ' முறையைப் போட்டுவிடுங்கள். 170 வாட் சிப்பை 105 வாட்டுக்குள் கட்டிப்போட்டால் வேகத்தில் இழப்பது சொற்பம், சூட்டில் மிச்சமாவது ஏராளம். நம் வெயிலுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஆனாலும் கடைக்காரர் யாரும் இதைச் சொல்லமாட்டார். இதில் அவருக்கு விற்க எதுவும் இல்லை.

இன்னொரு பீதி, எண் துள்ளுவது. உலாவியைத் திறந்ததும் 45இலிருந்து ஒரே விநாடியில் 65க்குத் தாவுகிறது. சூடு பிறக்கும் இடம் நகக்கண் அளவுகூட இல்லை. மேலே இருக்கும் உலோகத்துக்கு அது போய்ச் சேருவதற்குள் உணரி பார்த்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது துள்ளலை அல்ல, அது எப்படி ஏறுகிறது என்பதை. கனமான வேலையைத் தொடங்கிய ஐந்தாறு விநாடியில் நேராக எல்லையைத் தொட்டு ஒட்டிக்கொண்டால் சிப்புக்கும் குளிரூட்டிக்கும் இடையே தொடர்பு சரியில்லை. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது மூலையில் குத்திய பின் ஒன்று மதர்போர்டிலிருந்து கழன்றிருக்கும். மாறாக, கால் மணி நேரம் எடுத்து மெதுவாக மேலே மேலே போனால் கேசிங்குக்குள் காற்று ஓடவில்லை, அல்லது அறையே புழுங்குகிறது. முதலாவதற்குச் சில வெள்ளி பேஸ்ட் போதும். இரண்டாவதற்குத் துடைப்பமும் சன்னலும். இந்த வித்தியாசம் பார்க்காமல் புதுக் குளிரூட்டி வாங்குபவர்கள்தான் அதிகம்.

தூசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய தூசு தனி ரகம். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையையொட்டிய கடைகளில் பாருங்கள்: கல்லாவுக்கு மேலே சாமி படம், படத்துக்குக் கீழே ஊதுபத்தி, அதற்கும் கீழே கணினி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. வீடுகளிலும் சாமி மேடை இருக்கும் கூடத்திலேயே கணினியும் இருக்கும். அந்தப் புகையில் பிசுக்கு இருக்கிறது. வெறும் தூசு ஊதினால் பறக்கும். பிசுக்கோடு கலந்த தூசு குளிரூட்டியின் தகடுகளுக்கு நடுவே படிந்து இறுகிவிடும், பழைய பல் தூரிகை வைத்துத்தான் சுரண்ட வேண்டும். கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் கரிப்புகையும் சேர்ந்துகொள்கிறது. புகைமூட்டக் காலத்தைக் கேட்கவே வேண்டாம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அந்த வாரங்களில் மனிதர்கள் முகமூடி போட்டார்கள். கணினி விசிறி மூச்சை அடக்கவா முடியும்?

பக்கத் தகட்டைக் கழற்றிவைக்கும் பழைய உத்தியை நான் ஆதரிக்கமாட்டேன். எண் சில டிகிரி இறங்கும், உண்மை. பிறகு பல்லி குடிவந்துவிடும். சூடான பவர் சப்ளை மேல் பல்லி முட்டையிட்ட கேசிங்குகளைப் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அக்கா மகனைப் போன்றவர்கள் அடுத்துத் தேடும் வழி ஏர்கோன். கணினி வாங்கும் மின்சாரம் கடைசியில் முழுவதும் சூடாகத்தான் அறைக்குள் வந்து சேரும். 300 வாட் இழுக்கும் விளையாட்டுக் கணினி, அறைக்குள் கூடுதலாக மூன்று விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அந்த மூவரையும் குளிர்விக்கும் செலவும் உங்கள் மின்கட்டணத்தில்தான். ஏர்கோன் போட்டு அறையை 33இலிருந்து 24க்கு இறக்கினால் சிப்பும் ஒன்பது டிகிரி இறங்கும், சரி. ஆனால் 82இல் இருந்த சிப் 73 ஆவதால் வேகமும் கூடாது, ஆயுளும் கண்ணுக்குத் தெரியும்படி கூடாது. உங்களுக்குப் புழுங்கினால் ஏர்கோன் போடுங்கள், பிராசசருக்காகப் போடாதீர்கள்.

பெரிய இடங்களே இப்போது இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. தரவு மையம் என்றாலே உறையும் குளிர் என்று இருந்த காலம் போகிறது. சிங்கப்பூர் 2023இல் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென்று தனித் தரநிலையே கொண்டுவந்தது. அறையை 26 டிகிரிக்கும் மேலே வைத்து நடத்தலாம், ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் தரவு மையங்கள் வரிசையாக எழும் நமக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி இல்லை, நம் வீட்டுச் செய்தி.

இத்தனைக்கும் இந்தச் சிப்புகளில் பல நம் ஊர்க்காரர்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை திறந்தது 1972இல், பினாங்கின் பாயான் லெப்பாஸில். பழைய இன்டெல் பிராசசர்களின் உலோக மூடியில் 'மலாய்' என்றும் ரைசன் மூடிகள் பலவற்றில் 'மேட் இன் மலேசியா' என்றும் பொறித்திருப்பதைப் பேஸ்ட் துடைக்கும்போது பார்க்கலாம். சிலிக்கான் வில்லைகள் வேறு நாட்டிலிருந்து வரும். அவற்றை நறுக்கி, பொதிந்து, சூடேற்றிச் சோதித்துத் தேர்வு செய்வது இங்கே நடக்கிறது. கடைக்கு வருமுன்பே சூட்டைப் பார்த்துவிட்டு வந்த பொருள் அது.

சூடு நிஜமாகவே கொல்வது பிராசசரைச் சுற்றியிருப்பவற்றை. பவர் சப்ளைக்குள்ளும் மதர்போர்டிலும் நிற்கும் குட்டி உருளைகளான மின்தேக்கிகளுக்கு, பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது மின்னணுக்காரர்களின் பொதுக் கணக்கு. மலிவான பவர் சப்ளைகள் சிலவற்றின் வாட் கணக்கு 25 டிகிரியில் எடுத்தது. நம் கேசிங்குக்குள் அந்தக் குளிர் ஏர்கோன் போட்டாலும் வராது. 40, 50 டிகிரிக்கு உறுதி சொல்லும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்கும் மேலே, கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் அதிகமாக இடி இடிக்கும் பகுதிகளில் ஒன்று. பிற்பகல் நான்கு மணிக்கு வானம் கறுத்தால் நானே முதலில் பிளக்கைத்தான் பிடுங்குவேன், ரௌட்டரின் அடாப்டரையும் சேர்த்து. இங்கே கணினிக்குப் பெரிய எதிரி 82 டிகிரி இல்லை, மின்கம்பி வழியாக வரும் மின்னல். தண்ணீர்க் குளிரூட்டிக்கு என்று எடுத்துவைத்த பணம் இருந்தால் பாதியை நல்ல பவர் சப்ளைக்கும் மீதியை மின்னழுத்தம் தாங்கும் பிளக் பெட்டிக்கும் போடலாம். லோ யாட் பிளாசாவில் இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும், விலை கேட்டுப் பேரம் பேசுங்கள்.