நிம் என்றொரு மாணவன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

1973 நவம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சிம்பன்சிக் குட்டி பிறந்தது. பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், தாய்க்கு மயக்க ஊசி போட்டுவிட்டு, அந்தக் குட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நியூயார்க்கில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைத்தார்கள். சட்டை போட்டார்கள், வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தார்கள், காது கேளாதோர் பேசும் சைகை மொழியைக் கற்பித்தார்கள். மொழி என்பது மனிதனுக்கே உரிய பிறவிச் சொத்து என்றவர் அறிஞர் நோம் சோம்ஸ்கி. அவர் பெயரையே சற்றுக் குறும்பாகத் திரித்து, குட்டிக்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயரிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சியை நடத்தியவர் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸ். நான்கு ஆண்டுகளுக்குள் நிம் சுமார் 125 சைகைகளைக் கற்றுக்கொண்டது. ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். 1977-இல் ஆராய்ச்சி முடிந்தது. நிம் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 1979-இல் டெரஸ் தம் முடிவை வெளியிட்டார்: நிம் சொற்களை அறிந்ததே தவிர வாக்கியம் அமைக்கவில்லை; பெரும்பாலும் ஆசிரியரின் கையைப் பார்த்தே கையசைத்தது, என்றார். அந்த முடிவைப் பற்றி அறிஞர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். வாதாடட்டும். என் கவலை வேறு. தேர்வில் தோற்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மாணவன் பிறகு என்ன ஆனான்?

விற்கப்பட்டான்! 1982-இல் ஓக்லஹோமா நிலையம் பணமுடையால் தன் சிம்பன்சிகளை நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வுக் கூடமொன்றுக்கு விற்றது. கல்லீரல் அழற்சி நோய்க்குத் தடுப்பூசி காணும் சோதனைகள் நடந்த இடம் அது. மனிதர் வீட்டில் வளர்ந்த நிம் கம்பிக் கூண்டுக்குள் போயிற்று. செய்தி வெளியாகிப் பொதுமக்கள் கொதித்தெழுந்த பிறகே நிம்முக்கு விடுதலை கிடைத்தது. டெக்சாஸில் உள்ள விலங்குகள் காப்பகம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. அங்கும் முதலில் தன் இனத்தில் ஒரு துணை இல்லை. 2000 மார்ச்சில், 26-ஆம் வயதில் நிம் இறந்தது.

நிம்முக்காவது பெயரும் புகழும் இருந்தன. அதே ஓக்லஹோமாவில் சைகை கற்ற பூயி என்ற சிம்பன்சிக்கு அதுவும் இல்லை. அதே கூடத்துக்கு விற்கப்பட்டு, கல்லீரல் அழற்சிக் கிருமி ஏற்றப்பட்டு, கூண்டில் கிடந்தது. 1995-இல் அதன் பழைய ஆசிரியர் ரோஜர் ஃபவுட்ஸ் தொலைக்காட்சிக்காரர்களோடு அங்கே போனார். பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும் பூயி அவரை அடையாளம் கண்டுகொண்டது! தான் முன்பு அவருக்கு வைத்திருந்த செல்லப் பெயரைக் கைச்சைகையில் காட்டியது. அதைக் கண்ட மக்கள் எழுப்பிய குரலால் சில மாதங்களில் பூயிக்கும் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. தொலைக்காட்சிக்காரர்கள் போகாத கூண்டுகளில் இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள்.

விடுமுறையில் இந்தக் கதையை என் தந்தையிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், நான் படிப்பதையெல்லாம் கேட்பதில் அவருக்கு ஒரு பெருமை. முழுவதும் கேட்டுவிட்டு, "படிக்க வெச்சாங்க, சரி. படிப்பு முடிஞ்சப்புறம் அதை யாரு வெச்சிக்கிறதுன்னு மொதல்லயே பேசலையா?" என்றார். "பேசவில்லை போலிருக்கிறது அப்பா" என்றேன். உழைத்து ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு ஓட்டிவிடுவது எங்கள் ஊரிலும் உண்டு; இல்லையென்று பெருமை பேசமாட்டேன். ஆனால் ஓட்டிவிட்டவன் இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்காமல் நடப்பான். அந்தக் கூச்சம்கூட ஆராய்ச்சி அறிக்கைகளில் தென்படவில்லை.

"விலங்குச் சோதனை இல்லாமல் மருத்துவம் ஏது?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்க்கப்பட்டது. அதற்காக நம் நாட்டு ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையாகக் கப்பலேறின. 1978-இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. எங்கள் தெருவில் காலை இழுத்து நடக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் வயதில் அப்படி ஒருவரும் இல்லை. அந்தக் கடனை மறுக்க நான் யார்?

ஆனால் நிம்மிடம் கேட்கப்பட்டது மருந்தைப் பற்றிய கேள்வியன்று. "உள்ளே ஒருவன் இருக்கிறானா?" என்பதே அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி. சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். "நீ நினைக்கிறாயா? உனக்கு நினைவு உண்டா?" என்று ஓர் உயிரைக் கேட்டுவிட்டு, அது ஏதோ ஒருவகையில் "ஆம்" என்று கையசைத்த பிறகு, அதையும் குழாயைப் போலக் கவிழ்த்து வைக்க முடியுமா?

இதில் இரக்கம் மட்டும் இல்லை; அறிவியலும் இருக்கிறது. 1970-இல் கார்டன் கேலப் என்ற உளவியலறிஞர் சிம்பன்சிகளுக்குச் சில நாள் கண்ணாடி காட்டிப் பழக்கி, மயக்கத்தில் புருவத்தில் சிவப்புச் சாயம் தடவினார். விழித்து, கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் தம் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. பிம்பம் தாமே என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு, தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்கு அதே சோதனையை வைத்தபோது அவை தம்மை அறியவில்லை. கூண்டு அறிவைக் குறைத்துவிட்டது! விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ, பால் தரும் கம்பித் தாயை விட்டுத் துணி சுற்றிய பொம்மைத் தாயை அணைத்துக்கொண்ட ரீசஸ் குட்டிகளைப் பற்றி 1958-இல் எழுதினார். பாசம் பாலில் மட்டும் இல்லை என்று உலகம் அறிந்தது. பிறகு அவரே குட்டிகளை மாதக்கணக்கில் தனியே அடைத்தார். அவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின, தம் உடலைத் தாமே கடித்தன. முதல் சோதனையிலேயே விடை தெரிந்துவிட்டதே, இரண்டாவது எதற்கு என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஜப்பானின் இனுயாமா சாட்சி. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் ஐ என்ற பெண் சிம்பன்சி 1970-களின் இறுதியிலிருந்து எண்களும் எழுத்துக்குறிகளும் கற்றது. அங்கே சிம்பன்சிகள் கூட்டமாக வாழ்ந்தன. ஏறி விளையாட மரங்களும் உயர்ந்த கோபுரங்களும் இருந்தன. ஐயின் மகன் அயுமு 2000-இல் பிறந்து, தாயிடமே வளர்ந்தது. திரையில் கணநேரம் தோன்றி மறையும் எண்களின் இடங்களை வரிசையாகத் தொட்டுக் காட்டுவதில் அயுமு கல்லூரி மாணவர்களை மிஞ்சியது என்று 2007-இல் வெளியிட்டார்கள். (நம் வகுப்பில் சோதித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!)

அமெரிக்காவும் மெல்லத் திருந்தியது. ஆய்வுக் குரங்கினங்களின் மனநலத்துக்கேற்ற சூழல் வேண்டும் என்று 1985-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆய்வு முடிந்த சிம்பன்சிகளுக்குக் காப்பகம் அமைக்கும் சட்டம் நிம் இறந்த அதே 2000-இல் வந்தது. தன் சிம்பன்சிகள் அனைத்துக்கும் ஓய்வு என்று அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

நம் நாட்டில் 2006-இல் திருத்தப்பட்ட விலங்குச் சோதனை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. சோதனைக்குப் பிறகு விலங்கைப் பராமரிக்கும் பொறுப்பு ஆய்வாளரைச் சேரும், அந்தச் செலவும் ஆராய்ச்சிச் செலவின் பகுதியே என்கிறது அது. என் தந்தை கேட்ட கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. நம்மில் முதுகலைக்கும் அதற்கு மேல் ஆராய்ச்சிக்கும் போகிறவர்கள் இருப்பார்கள். கருவிக்கு இவ்வளவு, தீனிக்கு இவ்வளவு என்று திட்டம் எழுதும் நாள் வரும். சிம்பன்சி வளர்ப்பில் 50 ஆண்டுகூட வாழும். நிதி நான்கைந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கும். மீதி ஆண்டுகளுக்கான தொகையையும் இடத்தையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் குட்டியைத் தாயிடமிருந்து எடுக்கக் கூடாது.