காயங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஜோகூர் மாநிலத்தின் மூவாரில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றால், 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அடுத்து சுகாதாரப் பரிசோதகர்கள் அந்தத் தாமானுக்கே வந்துவிடுவார்கள். பூந்தொட்டித் தட்டு, குளியலறைத் தொட்டி, கூரைத் தாழ்வாரம் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் புகை அடிப்பார்கள். ஒரு வட்டாரத்தில் நோய் 30 நாளைத் தாண்டி நீடித்தால் அது ‘ஹாட்ஸ்பாட்’ பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் எவரும் பார்க்கலாம்.

அதே இரவு, சுல்தானா பாத்திமா நிபுணத்துவ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இளைஞன் பாராங் வெட்டோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் தையல் போடுவார், மருந்து கொடுப்பார், தம் கடமையைச் செம்மையாகவே செய்வார். ஆனால் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் வெட்டுக்காயம் இல்லை. அவன் புகார் கொடுத்தால் போலீஸில் ஒரு பதிவு இருக்கும். கொடுக்காவிட்டால் அதுவும் இல்லாமல் போகலாம். அடுத்த வாரம் அதே கடை வாசலில் இன்னொருவன் வெட்டுப்பட்டு வந்தாலும், இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும்படி அந்தச் சட்டம் யாரையும் பணிக்கவில்லை.

அப்படிச் சேர்த்துப் பார்ப்பதுதான் வன்முறைத் தடுப்பில் தரவுப் பகுப்பாய்வாளரின் வேலை. மூவார் போன்ற மாவட்டங்களுக்கு அந்த வேலை அவசியம் தேவை. அதோடு, அவர் எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்தியச் சமுதாயமும் உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணிக்கையால் ஏற்கெனவே சூடுபட்ட சமுதாயம் நாம்.

போலீஸ் அறியாத காயங்கள்

வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதார மாநாடு 1996-இலேயே தீர்மானம் போட்டது. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பெரிய அறிக்கை, ஒருவர் தனக்குத்தானே இழைத்துக்கொள்வது, ஒருவர் மற்றவருக்கு இழைப்பது, கூட்டமாக இழைப்பது என்று வன்முறையை மூன்றாகப் பிரித்தது. எங்கே, எப்போது, யாருக்கு, எதனால் என்று கேட்டு நோய்களை அடக்கியதுபோல இதையும் அடக்க முடியும் என்பதே அதன் சாரம்.

இதைச் செய்து காட்டிய ஊர்களில் முதலில் சொல்ல வேண்டியது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப். ஜோனத்தன் ஷெப்பர்ட் அங்கே முகத்தாடை அறுவை மருத்துவர். உடைந்த தாடைகளையும் கண்ணாடிக் குவளையால் கிழிந்த முகங்களையும் தைத்துக்கொண்டிருந்தவர், தம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பற்றிப் போலீஸுக்கு எதுவுமே தெரியாது என்பதைக் கண்டார். அவசர சிகிச்சைப் பிரிவின் முகப்பில் இருப்பவர்கள் சம்பவம் நடந்த இடம், நேரம், பயன்பட்ட ஆயுதம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்தார்கள். பெயர்களை நீக்கிய பிறகு அந்தத் தரவு போலீஸுக்கும் நகர மன்றத்துக்கும் போனது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ரோந்து வேண்டும், எந்த மதுக்கூடத்தை எச்சரிக்க வேண்டும், எங்கே வாகனங்களை நிறுத்தி நடைபாதையாக்க வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாயின. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிடக் கார்டிஃபில் வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் விகிதம் 42 விழுக்காடு குறைந்தது.

2013-இன் பட்டியல்

நம் நாட்டில் எண்ணிக்கை வேறு வழியில் வந்தது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களில் இந்தியர் 28,926 பேர், ஏறக்குறைய 72 விழுக்காடு. மக்கள்தொகையில் ஏழு விழுக்காடு இருக்கும் சமூகத்துக்கு அந்த ஒற்றை எண் முத்திரையாகவே விழுந்தது. வேலைக்கு நேர்காணல் செய்பவர் மனத்திலும், வாடகை வீடு தருபவர் மனத்திலும், பள்ளி ஆசிரியர் மனத்திலும் அது உட்கார்ந்துகொண்டது.

எண் பொய் என்று சொல்லவில்லை. அதே எண்ணை வேறொரு வகுத்தியால் வகுத்துப் பார்க்கலாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் ஏறத்தாழ 19 லட்சம் பேர். 28,926 என்பது அதில் ஒன்றரை விழுக்காடு. ஆண்களை மட்டும் எடுத்தால் மூன்று விழுக்காடு. இளைஞர்களை மட்டும் எடுத்தால் இன்னும் கூடும், அது கவலைக்குரியதே. ஆனால் ‘கும்பலில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்’ என்ற வாக்கியமும் ‘இந்திய ஆண்கள் நூறு பேரில் மூவர் கும்பலில்’ என்ற வாக்கியமும் ஒரே தரவிலிருந்துதான் பிறக்கின்றன. எதைத் தலைப்பாக்குவது என்பது ஒரு மனிதர் எடுக்கும் முடிவு.

அதைவிடப் பெரிய குறை, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வெட்டைக்கூடத் தடுக்க முடியாது என்பது. எந்த ஊர், எந்த மணி, எந்தக் கடை, எந்தப் பள்ளியிலிருந்து நின்றுபோன மாணவர்கள் என்ற எதற்கும் அதில் பதில் இல்லை. அடி வாங்கியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. உறுப்பினர்களை எண்ணினால் கைது செய்யலாம். காயங்களை எண்ணினால்தான் காரணத்தைத் தேடலாம்.

சம்பள வாரமும் ஜோகூரின் வார இறுதியும்

கொலம்பியாவின் காலி நகரம் இன்னொரு பாடம். 1992-இல் மேயரான ரொட்ரிகோ குவெரெரோ தொற்றுநோயியல் படித்த மருத்துவர். கொலைகளுக்கெல்லாம் போதைப்பொருள் கும்பல்தான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் கணக்கைப் பார்த்தார். சம்பள நாளை ஒட்டிய வார இறுதிகளிலும் விடுமுறை நாள்களிலும், மது அருந்தியவர்களிடையே, துப்பாக்கியால் நடந்தவையே ஏராளம். அந்த நாள்களில் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லத் தடை வந்தது. மது விற்பனை நேரமும் சுருங்கியது. துப்பாக்கித் தடை நடப்பில் இருந்த நாள்களில் கொலை விகிதம் சுமார் 14 விழுக்காடு குறைந்திருந்தது.

இதை மூவாரில் செய்து பார்க்க விரும்பும் பகுப்பாய்வாளர் முதலில் ஜோகூரின் நாள்காட்டியைப் படிக்க வேண்டும். 2014 ஜனவரி 1 முதல் இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. இது தெரியாமல் கோலாலம்பூரில் உட்கார்ந்து ‘ஞாயிற்றுக்கிழமைக் காயங்கள்’ என்று பத்தாண்டு வரைபடம் போட்டால், அரசு ஊழியரும் மாணவரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன நாளை ஓய்வு நாளாக எண்ணிவிடுவார். இத்தனைக்கும், தனியார் நிறுவனங்கள் தத்தம் வசதிக்கு விடுமுறை வைத்துக்கொண்டன. ஆகவே மூவாரின் தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவருக்கு ஒரு வாரம், அரசாங்கப் பள்ளியில் படிக்கும் அவர் பிள்ளைக்கு இன்னொரு வாரம் என்றுகூட இருந்திருக்கலாம். சம்பளமோ சட்டப்படி மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வந்தாக வேண்டும். மாதத்தின் முதல் வாரம் பக்ரியிலும் புக்கிட் பாசிரிலும் எப்படிக் கழிகிறது என்பதை அங்கே வாழ்பவரைக் கேட்காமல் எந்த மென்பொருளும் சொல்லாது.

பதிவேட்டின் ஒரு வரி

இந்த வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். அவசரப் பிரிவின் பதிவில் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும்: பெண், முப்பதுகளில், இடது முன்கை எலும்பு முறிவு, காரணம் ‘படியில் விழுந்தார்’. கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டருகே, கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் உடையும். முகத்தை நோக்கி வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடையும். ஒரே ஒரு வரியை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது, சாட்டவும் கூடாது. ஆனால் அதே பெண் ஓராண்டில் மூன்றாம் முறையாக வருகிறார் என்று தெரிந்தால், தாதியர் அவரைத் தனியே அழைத்துப் பேசுவதற்கு அது போதும்.

மூன்றாம் முறை என்பதைக் கண்டுபிடிப்பது அத்தனை எளிதல்ல. முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒரு குமாஸ்தா ‘ஐ’ போட்டு முடிப்பார், இன்னொருவர் ‘ஒய்’ போட்டு முடிப்பார். நடுவே ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இராது. கணினிக்கு இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்கள். 12 இலக்க அடையாள அட்டை எண் இதைத் தீர்த்துவிடும். ஆனால் இங்கேயே பிறந்தும் நீல அடையாள அட்டை கிடைக்காதவர்களும், ஆவணமில்லாத அந்நியத் தொழிலாளர்களும் அந்த வலையில் விழ மாட்டார்கள். அதிகம் அடிபடக்கூடியவர்களே கணக்கிலிருந்து நழுவுவது இப்படித்தான்.

ஏறும் எண்ணைக் கண்டு பதறக் கூடாது என்பதும் இத்துறையின் பாலபாடம். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி 1996-இல் நடப்புக்கு வந்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஒருங்கிணைந்த நெருக்கடி மையங்கள் 1996 முதல் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவின. மருத்துவர், போலீஸ், சமூக நல அதிகாரி என்று தனித்தனி வாசல்களுக்கு அடிபட்ட பெண் அலையக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. இப்படி வழி திறக்கும்போது புகார்கள் கூடுவது இயல்பு. நம்பிக்கை பிறந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம். கார்டிஃபிலும் கடுங்காயங்கள் குறைந்த காலத்தில், போலீஸ் பதிவில் சிறு தாக்குதல்கள் கூடவே செய்தன.

மருந்து குடித்த கணக்கு

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘மருந்து குடித்துவிட்டான்’ என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தற்கொலையும் வன்முறைக் கணக்கில் சேர்ந்ததே. எண்ணியதால் உயிர்கள் பிழைத்ததற்கு நமக்கு மிக அருகிலுள்ள சான்று இலங்கை. 1995-இல் அங்கே லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டார்கள். எந்தப் பூச்சிக்கொல்லிகள் உயிரைக் குடிக்கின்றன என்று கணக்கெடுத்து, மிகக் கொடிய வகைகளை 1995-லும் எண்டோசல்ஃபானை 1998-லும் தடுத்தார்கள். 2005-இல் அந்த விகிதம் 24 ஆக, பாதியாக, இறங்கியது. அந்த நொடியில் கொடிய நஞ்சு கைக்கெட்டாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். மலேசியா பாராகுவாட் களைக்கொல்லியை 2002-இல் தடுத்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. அந்தத் தடை மூவாரின் தோட்டங்களில் எத்தனை உயிரைக் காத்தது, அதன் இடத்துக்கு வேறு எது வந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இப்படிப்பட்ட வேதனையில் இருப்பவர்கள் 15555 என்ற மனநல உதவி எண்ணையும், வீட்டில் அடிபடுபவர்கள் 15999 தாலியான் காசே எண்ணையும் அழைக்கலாம்.

நம்பிக்கைக்கு எழுத்தில் உத்தரவாதம்

இத்தனையையும் கேட்ட ஒரு தாய், “என் மகன் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த விவரம் போலீஸுக்குப் போகுமா?” என்று கேட்டால், அந்த அச்சம் நியாயமானது. 2009-இல் குகன், 2013-இல் தர்மேந்திரன் ஆகியோர் போலீஸ் காவலில் மாண்டதை நம் சமுதாயம் மறந்துவிடவில்லை. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. 2025-இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ மத்திய அரசுத் துறைகள் தமக்குள் தரவைப் பகிர வாசலைத் திறந்திருக்கிறது. மருத்துவமனை, போலீஸ், சமூக நல இலாகா மூன்றும் மத்திய அரசின் கீழ் வருபவை. வாசல் திறந்தாகிவிட்டது. எது போகலாம், எது போகக் கூடாது என்ற விதிகளை இப்போதே வலியுறுத்த வேண்டும்.

முதல் விதி: பெயரும் அடையாள அட்டை எண்ணும் இனமும் மருத்துவமனையை விட்டு வெளியேறக் கூடாது. இடம், நேரம், கருவி ஆகிய மூன்றும் போதும். இரண்டாவது: ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையை வெளியிடக் கூடாது. மூவார் சிறிய ஊர். ‘பஞ்சோரில் ஒரு பெண், கணவரால் தாக்கப்பட்டார், மார்ச் மாதம்’ என்று ஓர் அட்டவணை சொன்னால் அக்கம்பக்கத்தார் அது யார் என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், கணவரும் கண்டுபிடிப்பார். மூன்றாவது: இந்தத் தொகுப்பை வைத்து ஆளைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தை வதையைப் புகார் செய்ய மருத்துவரைக் கட்டாயப்படுத்தும் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அதன் போக்கில் இயங்கட்டும். நான்காவது: மாதந்தோறும் அந்த வரைபடத்தைச் சுற்றி உட்காருபவர்களில் மூவார் நகராண்மைக் கழகமும் பள்ளிகளும் ருக்குன் தெத்தாங்காவும் ஆலய நிர்வாகங்களும் மாதர் அமைப்புகளும் இருக்க வேண்டும். தெருவிளக்கும் கடை உரிமமும் நகராண்மைக் கழகத்தின் கையில். இளைஞர்களின் நம்பிக்கை மற்றவர்கள் கையில்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. முகப்பில் கேட்க மூன்று கேள்விகள், ஒரு கணினி, முறையாகப் பயின்ற ஒரு பகுப்பாய்வாளர், அவருக்கு நிரந்தரப் பதவி. பாகோ உயர்கல்வி வளாகங்களில் புள்ளியியலும் கணினியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் வங்கிக்கும் சிங்கப்பூருக்கும் போவதைப் போலவே, சொந்த மாவட்டத்தின் காயங்களைக் குறைக்கும் இந்தத் தொழிலுக்கும் வர வழி வேண்டும். தமிழ் தெரிந்த, தோட்டம் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் கேள்விகளும் சரியாக இருக்கும், பதில்களும் வரும். இந்தப் பதவியை உருவாக்குமாறு சுகாதார அமைச்சிடமும் நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இந்திய அமைப்புகள் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். மேலே சொன்ன நான்கு விதிகளையும் அந்தக் கடிதத்தில் சேர்த்தே கேட்க வேண்டும்.