மோதிரக் கல்லும் நொய்யல் துறையும்



சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிறு காலை எண்ணெய்க் குளியல். பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு வாரம் இப்படித்தான் முடியும். லைன் வீட்டில் பல குடித்தனங்களுக்கு ஒரே குளியலறை. தலையில் எண்ணெய், கையில் அரப்புக் கிண்ணம், தோளில் துண்டு என்று வாசலில் வரிசை நிற்கும். ஊர்க்கதை முழுக்க அங்கேயே பேசித் தீர்ந்துவிடும்.

ரோமாபுரியிலும் எண்ணெய் தேய்த்துத்தான் குளித்தார்கள், கூட்டமாகத்தான் குளித்தார்கள். அரப்புக்குப் பதில் வளைந்த உலோகத் தகடு. அழுக்கையும் எண்ணெயையும் சேர்த்து வழித்துவிடும். வெந்நீர் அறையின் தரையைச் செங்கல் தூண்கள் தாங்கி நிற்க, அடுப்பின் அனல் அவற்றுக்கு நடுவே ஓடும். கட்டணம் சல்லிக்காசுதான். கி.பி. 216இல் திறந்த காரகல்லா குளியல் மண்டபத்தில் ஒரே நேரத்தில் சுமார் 1,600 பேர் குளிக்கலாம் என்கிறார்கள்.

அந்த வெக்கையில் மோதிரக் கல்லை ஒட்டியிருந்த பிசின் இளகிவிடும். கல் கழன்று தண்ணீரோடு போய்விடும். வேல்ஸ் நாட்டுக் கேர்லியனில், ரோமானியப் படைமுகாமின் குளியல்கூட வடிகாலில் 88 கற்கள் கிடைத்தன.

கல் வணிகத்தில் நமக்கும் பங்குண்டு. காங்கேயம் பக்கத்துப் படியூரின் பெரில் கல்லை நொய்யல் கரைக் கொடுமணலில் மணியாகத் தீட்டினார்கள். இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். இதே ஆற்றின் கரையில் உள்ள வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன.

அந்த நொய்யலில்தான் பிறகு சாயத்தண்ணி ஓடியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வராத நிலை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே ஸ்தம்பித்த நாள்கள் அவை. இன்று பட்டறைகள் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் ஆற்றில் இறங்கிக் குளிக்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நொய்யலில் கடைசியாக முங்கிக் குளித்தவர் யார்? அப்பத்தாவா, அய்யனா? எந்தத் துறையில்? அவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அந்தத் துறைகளின் பெயர்களாவது நம் கையைவிட்டுப் போகாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்