ஒற்றுமை மட்டும் போதாது

மருத்துவமாது மாணவியருக்குக் கூட்டாகப் பணியாற்றக் கற்பிக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லர். ஆனால், அவர்களை மாத்திரம் ஓர் அறையில் அமர்த்தி ஒற்றுமையின் மேன்மையை உபதேசித்து அனுப்புவதுதான் அந்தக் கல்வி என்றால், அதனை நான் ஏற்கமாட்டேன்.

இங்கிலாந்தின் பேர்னஸ் பொது வைத்தியசாலையில் 2004 முதல் 2013 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்த பில் கேர்க்கப்பின் அறிக்கை 2015 மார்ச்சில் வெளிவந்தது. தகுந்த பராமரிப்புக் கிடைத்திருந்தால் 11 குழந்தைகளினதும் ஒரு தாயினதும் மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்றது அது. அங்கிருந்த மருத்துவமாதுகள் சிலரிடையே ஒற்றுமைக்குக் குறைவிருக்கவில்லை. அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே எழுந்து நின்ற சுவரே உயிர்களுக்கு உலையாயிற்று.

சேர்ந்து பணியாற்றுவோர் சேர்ந்தே பயிலவேண்டுமென 2022இல் ஷ்ரூஸ்பரி, டெல்போர்ட் வைத்தியசாலைகள் பற்றிய டொனா ஒக்கெண்டனின் அறிக்கையும் வலியுறுத்திற்று.

ஆகவே, மருத்துவ மாணவரும் மருத்துவமாது மாணவியரும் ஒரே ஒத்திகையில் நிற்கட்டும். தாய்க்குக் குருதி பெருகுகையில் யாரை அழைப்பது, யார் நேரத்தைக் குறிப்பது என்பதைச் சேர்ந்தே பழகட்டும். "டொக்டர், இது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்ல மாணவி கற்கட்டும். அதைச் செவிமடுக்க மருத்துவர் கற்கட்டும். பின்னையதே கடினமான பாடம்.

பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்குநர் காட்டிய பிழையை ஆசிரியர் அலட்சியம் செய்தால், மறுநாள் திருத்தம் வெளியிட்டுத் தப்பிவிடலாம். நாங்கள் அப்படித் தப்பியவர்கள்தாம். பிரசவ அறையில் மறுநாள் திருத்தம் கிடையாது.